பொன்முடி வளைவுகளும் டிவைஸ் ட்ரீயும்

டிஸ்கி: பொட்டி தட்டுகிறவர்கள் சமாச்சாரம்தான். ஆனால் மேஜை டிராயருக்குள் பழைய போன் ஒன்றாவது தூங்கிக்கொண்டிருக்கிற எல்லா வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. தங்கமணி, ரங்கமணி, பசங்க எல்லோருமே படிக்கலாம். இடையில் கொஞ்சம் சரித்திரமும் வரும்.

ஊரில் உங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் ஸ்விட்ச் போர்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எட்டு ஸ்விட்ச் இருக்கும். ஃபேன் எது, ட்யூப்லைட் எது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு ஸ்விட்ச் மட்டும் எதற்கென்று யாருக்குமே தெரியாது. அதற்குப் பின்னால் ஒயர் போகிறது, வயரிங் செய்தவர் ஏதோ நினைத்துத்தான் போட்டிருக்கிறார். ஆனால் எழுதி வைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து வாசலில் ஒரு விளக்கு போடலாம் என்று நினைத்தால், சுவரைத் திரும்பவும் கொத்த வேண்டியதுதான்.

எம்பெடட் சிஸ்டம் எனப்படும் சின்னக் கணினிகளின் கதையும் இதேதான். வீட்டு ரவுட்டர், டிவிக்குப் பக்கத்திலிருக்கும் செட்டாப் பாக்ஸ், காரின் டேஷ்போர்டு, ஆஸ்பத்திரி மானிட்டர் எல்லாமே இந்த ஜாதி. மேஜைக் கணினியில் நீங்கள் ஒரு யூஎஸ்பி கருவியைச் செருகினால், 'நான் இன்ன கம்பெனி, இன்ன மாடல்' என்று அதுவே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். பிசிஐ கார்டும் அப்படித்தான். ஆனால் ஒரு ரவுட்டர் போர்டில் வெப்பநிலை அளக்கும் ஒரு சில்லை இரண்டு ஒயரில் பற்றவைத்திருந்தால், அது வாயே திறக்காது. எந்த ஒயரில் இருக்கிறது, என்ன முகவரி, அது கூப்பிட்டால் எந்தக் கம்பியில் மணி அடிக்கும் என்பதையெல்லாம் யாராவது கணினிக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

யார் சொல்வது? எங்கே எழுதி வைப்பது? முக்கியமாக, எதை எழுதுவது? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை தேடியதுதான் கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துச் சரித்திரம்.

சன் போட்ட விதை

1980-களின் கடைசியில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. அவர்களுடைய கணினிகளில் மோட்டோரோலா சில்லும் இருந்தது, சொந்தமாகச் செய்த ஸ்பார்க் சில்லும் இருந்தது. வெளியார் செய்யும் கார்டுகளையும் அவற்றில் செருகவேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாக மென்பொருள் எழுதினால் கட்டுப்படியாகாது. அங்கே பணியாற்றிய மிட்ச் பிராட்லி, ஃபோர்த் என்ற கணினி மொழியை வைத்து ஒரு வழி செய்தார். கணினி கண் விழித்ததும், இயங்குதளம் வருவதற்கு முன்பே, தன்னிடம் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று ஒரு மரம்போலப் பட்டியல் போட்டுக்கொள்ளும். அடிமரம் கணினி. கிளைகள் பஸ்கள். இலைகள் ஒவ்வொரு சாதனமும். இயங்குதளம் வந்ததும் இந்த மரத்தை அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஓப்பன்பூட் என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு, 1994-ல் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பெயரில் ஐஇஇஇ 1275 என்கிற தரநிலையாக ஆனது. ஆப்பிளின் பவர்பிசி மேக்குகளும் ஐபிஎம்மின் பெரிய இயந்திரங்களும் இதை எடுத்துக்கொண்டன.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மேக் கணினிக்குள் அந்த மரத்தை வைத்தபோது ஆப்பிள்காரர்கள் லினக்ஸை மனதில் வைத்து வைக்கவில்லை. ஆனாலும் பவர்பிசி மேக்கில் லினக்ஸை ஓட்ட நினைத்தவர்களுக்கு அந்த மரம் அப்படியே உதவியது. தன் மென்பொருளை மறந்துவிட்டு இருப்பதை இருப்பபடி எழுதிவைத்தால், முன்பின் தெரியாதவனுக்கும் அது பயன்படும் என்பதற்கு முதல் சாட்சி இதுதான்.

ஆர்ம் உலகின் ஆயிரம் அடுப்புகள்

மேஜைக் கணினிகள் இப்படியிருக்க, கையடக்கக் கருவிகளின் உலகம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. அது ஆர்ம் சில்லுகளின் உலகம். நம்மூர் உதாரணமே இருக்கிறது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் நினைவிருக்கிறதா? ஸ்ட்ராங்ஆர்ம் சில்லில் லினக்ஸ் ஓடிய கையடக்கக் கணினி. 2004-ல் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை என்றாலும், ஸ்மார்ட்போன் அலைக்கு முன்பே வந்த முயற்சி.

அந்தக் காலத்து ஆர்ம் லினக்ஸில் ஒவ்வொரு போர்டுக்கும் சி மொழியில் ஒரு 'போர்டு ஃபைல்' எழுதி, லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு பதிவு எண். ஆர்ம் லினக்ஸைப் பராமரித்த ரஸ்ஸல் கிங் அந்தப் பதிவேட்டை வைத்திருந்தார். கணினி விழிக்கும்போது பூட்லோடர் அந்த எண்ணைக் கெர்னலிடம் சொல்லும். 'ஓ, நீ அவனா' என்று கெர்னல் தன் வயிற்றுக்குள்ளிருக்கும் அந்தப் போர்டின் ஃபைலைத் தேடி எடுக்கும். கல்யாண வீட்டில் ஒவ்வொரு விருந்தாளிக்கும் தனி அடுப்பு மூட்டுவதுபோல. பத்துப் பேர் என்றால் சமாளிக்கலாம். பதிவுகள் ஆயிரக்கணக்கில் ஏறியபோது அடுப்படி புகைந்தது.

அந்த ஃபைல்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வன்பொருள் பற்றிய தகவலும், டிரைவருக்குத் தேவையான சங்கதிகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. டிரைவர் என்ன கேட்கிறதோ அதை மட்டும் எழுதுவார்கள். டிரைவருக்குத் தெரியாத வசதி போர்டில் இருந்தாலும் எங்கேயும் பதிவாகாது. நம்ம வீட்டு எட்டாவது ஸ்விட்ச் கதைதான்.

2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்தார். ஆர்ம் பகுதியில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தனியாக எழுதிக் குவிப்பதைப் பற்றி, இங்கே எழுத முடியாத வார்த்தைகளில், வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். அதன்பிறகுதான் ஆர்ம் கூட்டம் வீட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தது.

தட்டையான மரம்

மருந்து ஏற்கெனவே பக்கத்து வீட்டில் தயாராக இருந்தது. 2005-ல் பவர்பிசி லினக்ஸைக் கவனித்துவந்த பெஞ்சமின் ஹெரன்ஸ்மிட்டும் அவருடைய சகாக்களும், ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பெரிய இயந்திரம் இல்லாத சின்ன போர்டுகளுக்கும் அதே மரத்தைக் கொடுக்க ஒரு உபாயம் கண்டார்கள். மரத்தைத் தட்டையாக்கி, சில கிலோபைட்டில் ஒரு கோப்பாக மடித்து, கெர்னல் கையில் கொடுத்துவிடுவது. மனிதர்கள் படிக்கும் வடிவில் எழுதி, இயந்திர வடிவுக்கு மாற்ற டேவிட் கிப்ஸன் ஒரு கம்பைலர் எழுதினார். 2008-ல் பவர்.ஆர்க் அமைப்பு இதை ஈபேப்பர் என்ற ஆவணமாக வெளியிட்டது.

கனடாவின் கிராண்ட் லைக்லி போன்றவர்கள் இதை ஆர்ம் பக்கம் கொண்டுவர உழைத்துக்கொண்டிருந்தார்கள். 2011-க்குப் பிறகு அந்த வேலை வேகம் பிடித்தது. 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7-ல், வெவ்வேறு கம்பெனிகளின் ஆர்ம் சில்லுகளில் ஒரே கெர்னல் ஓட முடிகிற நிலை வந்தது. கெர்னல் ஒன்று, மரம் மட்டும் போர்டுக்குப் போர்டு வேறு. 2015-லிருந்து ராஸ்பெர்ரி பையும் இந்தப் பாதைக்கு வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ ராஸ்பெர்ரி பையில் ஒரு சென்சாரை மாட்டும்போது கான்ஃபிக் கோப்பில் 'டிடிஓவர்லே' என்று ஒரு வரி சேர்ப்பார்களே, அது இந்த மரத்தில் ஒட்டுக்கட்டும் வேலைதான்.

சரி, மரத்தில் எதை எழுதுவது?

இப்போதுதான் விஷயத்துக்கே வருகிறோம். யார் சொல்வது, எங்கே எழுதுவது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது. மூன்றாவதுதான் ஆளைக் கொல்கிற கேள்வி.

ஒரு உதாரணம். எல்எம்75 என்று ஒரு வெப்பநிலை சில்லு. ரொம்பப் பழைய, ரொம்பப் பரவலான சாமான். வெப்பத்தை எண்ணாகச் சொல்லும். அதோடு, சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் தனியாக ஒரு காலை இழுத்து எச்சரிக்கையும் செய்யும். போர்டு வடிவமைத்தவர் அந்த எச்சரிக்கைக் காலிலிருந்து பிராசஸருக்கு ஒரு செம்புக் கோடு இழுத்திருக்கிறார். ஆனால் நம் கையிலிருக்கும் டிரைவர் வெப்பத்தை மட்டும் படிக்கிறது, எச்சரிக்கையைக் கண்டுகொள்வதில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது மரத்தில் அந்தச் செம்புக் கோட்டைப் பற்றி எழுத வேண்டுமா, வேண்டாமா?

'டிரைவரே கேட்காததை எதுக்குப்பா எழுதணும்? டெட்லைன் தலைக்குமேலே நிக்குது' என்பார் மேனேஜர். எழுதத்தான் வேண்டும் என்கிறது டிவைஸ் ட்ரீ மரபு. இந்த விவரணைகளை எப்படி எழுதவேண்டும் என்று லினக்ஸ் மூலநிரலோடு ஒரு வழிகாட்டிக் குறிப்பு வருகிறது. டிரைவர் ஒரு வசதியை ஆதரிக்காவிட்டாலும் விவரணையை முழுமையாக எழுதப் பார், லினக்ஸ் என்றோ டிரைவர் என்றோ அதில் பேச்சையே எடுக்காதே என்பது அதன் சாரம். வன்பொருளில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

பொன்முடிக்குப் போனவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போய்க் கல்லாறு தாண்டினால் மலைச்சாலை தொடங்கும். மேலே போய்ச் சேர்வதற்குள் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு ஒருநாள் சுற்றுலாவுக்கு வசதியான இடம் என்பதால் நம்மில் பலர் அந்த எண்களைச் சத்தம்போட்டு எண்ணிக்கொண்டே ஏறியிருப்போம். அந்தப் பலகை வளைவைப் பற்றி மட்டும் பேசுகிறது. 'இரண்டாவது கியர் போடு' என்று சொல்வதில்லை. அம்பாசடருக்கு ஒரு கியர், கேரள அரசுப் பேருந்துக்கு ஒரு கியர், கியரே இல்லாத மின்சாரக் கார்களும் இப்போது ஓடுகின்றன. அம்பாசடர் காலத்தில் அம்பாசடருக்காக எழுதிய பலகை என்றால் இன்றைக்கு அதைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். வளைவின் எண்ணை எழுதியதால் எந்த வண்டிக்கும் பொருந்துகிறது.

இன்னொன்றும் யோசியுங்கள். ஏதோ ஒரு வளைவில் நீளமான லாரி ஒன்று திரும்பமுடியாது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக அந்த வளைவை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டு 21 என்று எழுதுவோமா? ஓட்ட ஆள் இல்லை என்பது டிரைவரின் நிலைமை. வளைவு இருக்கிறது என்பது மலையின் நிலைமை. வன்பொருள் விஷயத்திலும் இந்த இரண்டும் தனித்தனிக் கணக்கு. (அங்கேயும் டிரைவர், இங்கேயும் டிரைவர் என்று பெயர் பொருந்தி வந்தது என் புண்ணியம் :-) )

ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பழகிய உதாரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு வருவாய்த்துறைக் கணக்கில் அ-பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. சர்வே எண், பரப்பு, நன்செயா புன்செயா, என்ன தரத்து மண் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடங்கல் என்பது வேறு கணக்கு. இந்தப் பசலியில் அந்த நிலத்தில் என்ன பயிர் போட்டார்கள் என்று வருஷாவருஷம் எழுதுவது. இந்த வருஷம் நிலம் தரிசு என்றால் அடங்கலில் தரிசு என்று வரும். அதற்காக அ-பதிவேட்டில் நிலத்தின் பரப்பைக் குறைக்க மாட்டார்கள். டிவைஸ் ட்ரீ என்பது அ-பதிவேடு. எந்த டிரைவர் இன்று எதை ஆதரிக்கிறது என்பது அடங்கல். போர்டு ஃபைல் காலத்தில் இந்த இரண்டு கணக்கையும் ஒரே நோட்டில் எழுதியதுதான் அத்தனை குழப்பத்துக்கும் வேர்.

எதிர்த்தரப்பும் உண்டு

இதையெல்லாம் கேட்டு 'ஆஹா, என்ன அருமையான தத்துவம்' என்று தலையாட்டிவிட முடியாது. வேலை செய்கிறவர்களுக்கு நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. யாரும் பயன்படுத்தாத விவரத்தை யார் சரிபார்ப்பது?

எச்சரிக்கைக் கோட்டை மரத்தில் எழுதிவிட்டீர்கள். எந்த முனையில் மணி அடிக்கும் என்பதைத் தலைகீழாக எழுதியிருந்தால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. டிரைவர்தான் அதைப் படிப்பதே இல்லையே. ஐந்து வருஷம் கழித்துப் புது டிரைவர் வந்து அந்த வரியைப் படித்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த போர்டு மண்டையைப் போடும். எழுதாமலே விட்டிருந்தால் பிழையும் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடுவதில் உண்மை இருக்கிறது.

இதோடு சேர்ந்தது நிலைத்தன்மைப் பஞ்சாயத்து. மரத்தை போர்டோடு சேர்த்து விற்றுவிட்டால், அதை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பழைய மரத்தை வைத்துப் புதிய கெர்னல் ஓட வேண்டும். 2013-ல் இதைப் பற்றி லினக்ஸ் ஆட்களிடையே பெரிய விவாதமே நடந்தது. பத்திரம்போல ஒருமுறை எழுதினால் எழுதியதுதான் என்று ஒரு கட்சி. கெர்னலோடு சேர்ந்து மாறட்டுமே என்று ஒரு கட்சி. கொள்கையளவில் முதல் கட்சியின் பேச்சே நின்றது. நடைமுறையில் பல கம்பெனிகள் கெர்னலையும் மரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் அனுப்புகின்றன.

விலக்குகளும் உண்டு. ஒரு எல்இடி விளக்கு எதற்குக் கண் சிமிட்டவேண்டும் என்பது போர்டின் குணமா, மென்பொருளின் விருப்பமா? விருப்பம்தான். ஆனாலும் அதற்கென்று 'லினக்ஸ்' என்ற முன்னொட்டோடு மரத்தில் ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. சட்டம் ஒரு பக்கம், குடும்பம் நடத்துவது ஒரு பக்கம்.

இதற்குக் கிடைத்த பாதி மருந்து, விவரணைகளுக்கு இலக்கணம் வகுத்தது. 2018 வாக்கில் ராப் ஹெர்ரிங் முன்னின்று, முன்பு வெறும் உரைநடையாக இருந்த விவரணை விதிகளை, கணினியே சரிபார்க்கக்கூடிய வடிவுக்கு மாற்றத் தொடங்கினார். எழுத்துப்பிழையையும் விட்டுப்போன வரியையும் அது பிடித்துவிடும். ஆனால் நிஜப் போர்டில் அந்தச் செம்புக் கோடு எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. அதற்கு வரைபடத்தைத் திறந்துவைத்து ஒருவர் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். என் அனுபவத்தில், போர்டு புதிதாக இருக்கும்போது, வடிவமைத்தவர் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதிவிடுவதுதான் உத்தமம். அவர் வேறு வேலைக்குப் போனபின் எழுதுவது குறி சொல்வதற்குச் சமம்.

திருவனந்தபுரத்துக் கணக்கு

இந்தக் கதை இப்போது நம் வாசலுக்கே வந்திருக்கிறது. பொன்முடிச் சாலை கிளம்புகிற அதே திருவனந்தபுரத்தில், வெள்ளயம்பலத்தில் சி-டாக் மையம் இருக்கிறது. 1970-களில் கெல்ட்ரான் பரம்பரையில் பிறந்து, ஈஆர்அண்ட்டிசி என்று பெயர் பெற்று, 2000-களின் தொடக்கத்தில் சி-டாக்கோடு இணைந்த கூடாரம். அங்கேதான் வேகா என்ற பிராசஸர் வரிசை உருவானது. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் 32 பிட், 64 பிட் என்று பல வகைகள். அதில் சின்னதை வைத்துச் செய்த தேஜஸ்32 என்ற சில்லு 100 மெகாஹெர்ட்ஸ் வேகம், 256 கிலோபைட் நினைவகம் கொண்டது. மாணவர்கள் விளையாட ஏரிஸ் என்ற போர்டுகளும் வந்திருக்கின்றன.

வடக்கே சென்னை ஐஐடியில் 2014-ல் தொடங்கிய சக்தி திட்டமும் ரிஸ்க்-ஃபைவ்தான். 2018-ல் அவர்களுடைய சில்லில் லினக்ஸ் ஓடியது. 2022 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த டிர்-வி திட்டத்தில் இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்தன. தலைமை வடிவமைப்பாளராக சென்னை ஐஐடி இயக்குநர் வி. காமகோடியும், திட்ட மேலாளராக திருவனந்தபுரம் சி-டாக்கின் கிருஷ்ணகுமார் ராவும் அறிவிக்கப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில், சக்தியை அடிப்படையாகக் கொண்டு விண்வெளிப் பயன்பாட்டுக்காகச் செய்த ஐரிஸ் சில்லு, சென்னை ஐஐடியும் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இருக்கும் இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் பிரிவும் சேர்ந்து செய்ததாக வெளிவந்தது.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையமும் சண்டிகர் குறைகடத்தி ஆலையும் சேர்ந்து செய்த விக்ரம் 3201 என்ற 32 பிட் சில்லு, 2025 மார்ச் 5 அன்று இஸ்ரோ தலைவர் வி. நாராயணனிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் குமரி மாவட்டத்துக்காரர். இதற்கு முன்னோடியான 16 பிட் விக்ரம் 1601, 2009-லிருந்து ராக்கெட்டுகளில் பறந்துகொண்டிருந்தது.

இதில் டிவைஸ் ட்ரீ எங்கே வருகிறது? ரிஸ்க்-ஃபைவ் 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15-ல் நுழைந்தபோது, போர்டு ஃபைல் என்ற பாவத்தைச் சுமக்காமலே வந்தது. முதல் நாளிலிருந்தே மரம்தான். லினக்ஸ் விழிக்கும்போது ஒரு ரெஜிஸ்டரில் தான் எத்தனையாவது மைய அலகு என்ற எண், அடுத்ததில் மரம் இருக்கும் இடம். தேஜஸ் மாதிரி லினக்ஸ் ஓடமுடியாத சின்னச் சில்லுகளுக்கும் இதே யோசனை உண்டு. செஃபிர் போன்ற சிறிய இயங்குதளங்கள், மரத்தைக் கம்பைல் செய்யும்போதே படித்து, வெறும் எண்களாக நிரலுக்குள் இறக்கிவிடுகின்றன. அதனால் நினைவகத்துக்குச் செலவில்லை.

ஒரு நாடு சொந்தமாகச் சில்லு செய்யும்போது இது வெறும் காகித வேலை இல்லை. புதுச் சில்லு வருகிற அன்றைக்கு எல்லா வசதிக்கும் டிரைவர் இருக்காது. இருக்கவும் முடியாது, செய்கிற கூட்டம் சிறியது. ஆனால் என்னென்ன வசதி எங்கே இருக்கிறது என்று முழுமையாக, தன் டிரைவரை மறந்துவிட்டு எழுதி வைத்திருந்தால், மிச்சத்தை மதுரையில் ஒரு கல்லூரி மாணவியோ, டொராண்டோவில் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும் ஒருவரோ எழுதிவிடலாம். இன்று ஓடுவதை மட்டும் எழுதி வைத்தால், ஓடாதது இல்லாததாகவே ஆகிவிடும். கோடிக்கணக்கில் செலவழித்துச் சிலிக்கானில் செதுக்கிய ஒரு வசதி, ஒருவரும் தொடாமலே போய்ச்சேரும்.

டிராயரில் தூங்கும் போன்

இனி உங்கள் வீட்டு டிராயர். அந்தப் பழைய போனின் திரை நன்றாக இருக்கிறது, கேமரா நன்றாக இருக்கிறது, ரேடியோவும் நன்றாக இருக்கிறது. கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டதால் வங்கிச் செயலி ஓட மறுக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் உறுப்புகள் எந்த ஒயரில், எந்த முகவரியில் என்று தெளிவான விவரணை வெளியே கிடைத்தால், வேறு யாரோ அதற்குப் புதுக் கெர்னலைக் கொண்டுவர ஒரு வழி பிறக்கும். 2017-ல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற தன்னார்வத் திட்டம் பழைய போன்களில் செய்துவருவது இதைத்தான். அங்கே பெரும்பாடு, இன்ன போனுக்கான மரத்தைத் துண்டுதுண்டாகக் கண்டுபிடித்து எழுதுவது.

இதற்கு நேர்மாறான ஒரு நல்ல உதாரணமும் சொல்லிவிடுகிறேன். 2020 கடைசியில் ஆப்பிள் தன் எம்1 மேக்குகளை வெளியிட்டது. உள்ளே பார்த்தால், அந்தப் பழைய ஓப்பன் ஃபர்ம்வேர் காலத்து மரத்தின் வாரிசு ஒன்று இருந்தது. ஐபோனுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. ஆப்பிள் தன் சொந்த இயங்குதளத்துக்காக வைத்த மரம். அசாஹி லினக்ஸ் கூட்டம் அந்த மரத்திலிருந்து பல விவரங்களைப் படித்தெடுத்து லினக்ஸ் மரத்தில் சேர்த்துக்கொண்டது. 2021 ஜூனில் வந்த லினக்ஸ் 5.13-ல் எம்1-க்கான முதல் ஆதரவு சேர்ந்தது. சன் நிறுவனத்தில் முளைத்த யோசனை, முப்பது வருஷம் தாண்டி, இன்னொரு கம்பெனியின் இயந்திரத்தில், மூன்றாவது ஒரு கூட்டத்துக்கு நிழல் கொடுத்தது.

மிட்ச் பிராட்லிக்கு 1980-களில் எம்1 பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. 'நம்மிடம் என்ன இருக்கிறது' என்பதையும் 'அதை இன்று யார் ஓட்டத் தெரிந்தவர்' என்பதையும் தனித்தனி நோட்டில் எழுதச் சொன்னார், அதுவே போதுமாக இருந்தது.

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்கள் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன். தாத்தாவின் நிலப்பத்திரம், ஆச்சி கைப்பட எழுதிய பலகாரக் குறிப்பு, யார் யாருக்கு என்ன முறை என்ற உறவுக் கணக்கு எல்லாவற்றையும், இப்போது பயன்படுத்த ஆள் இருக்கிறதா என்று பார்த்து எழுதினால் பாதிக்குமேல் விட்டுப்போகும். பையனுக்கு இன்று தமிழ் படிக்க வராது என்பது அடங்கல் கணக்கு. அடுத்த பசலியில் மாறலாம். மாறும்போது பதிவேட்டில் அந்த நிலம் இருக்கவேண்டும்.

உங்களில் யாராவது எம்பெடட் துறையில் ஆணி பிடுங்குகிறவர் என்றால், அடுத்த போர்டுக்கு மரம் எழுதும்போது டிரைவர் கோப்பை மூடிவையுங்கள். வரைபடத்தை மட்டும் திறந்துகொண்டு எழுதுங்கள். மற்றவர்கள் இந்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அந்த எட்டாவது ஸ்விட்ச் எதற்கென்று பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போர்டிலேயே ஒட்டிவிட்டு வாருங்கள்.